எல்லாமே 'தடை' இல்லை

அப்ஸ்டகிள், பேரியர், ஹர்டில், இம்பெடிமென்ட், ஹிண்ட்ரன்ஸ் என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் 'தடை' என்று படித்துவிட்டு ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டு எழுதுகிறோம், அதில் சொல்ல வந்த விஷயமே மாறிப்போகிறது.

அப்ஸ்டகிள் வழியில் குறுக்கே நிற்பது, நகர்த்தலாம், சுற்றியும் போகலாம். பேரியர் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பிரித்து வைப்பது. அது எப்போதும் கெட்டதும் இல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் சத்தத்தை மறிக்கும் சுவரும் பேரியர்தான்.

ஹர்டில் எனக்குப் பிடித்த சொல். ஆண்கள் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் 10 ஹர்டில், ஒவ்வொன்றும் 106.7 செ.மீ. உயரம், ஓடுகிறவருக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும், தாண்டுவதுதான் போட்டியே. அதனால் தேர்வு, நேர்காணல் மாதிரி ஒவ்வொன்றாகக் கடந்துபோக வேண்டியவற்றுக்கு அது கச்சிதம். திடீரென்று வந்து விழும் நோயை ஹர்டில் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

இம்பெடிமென்ட் வேறு ரகம். லத்தீனில் காலைக் கட்டிப்போடுவது என்ற பொருளிலிருந்து வந்தது, ரோமானியப் படை சுமந்து போன மூட்டைமுடிச்சுக்கும் இம்பெடிமென்டா என்றே பெயர். வெளியே நிற்பதைவிட நம்மோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருவதற்கு அது பொருந்தும். திக்குவதை ஸ்பீச் இம்பெடிமென்ட் என்கிறார்கள், ஸ்பீச் அப்ஸ்டகிள் என்று யாரும் சொல்வதில்லை, பாருங்கள்.

அப்புறம் ஹிண்ட்ரன்ஸ். அது பெரும்பாலும் ஆளை நிறுத்தாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வேலை முழுசாக நின்றுபோன இடத்தில் தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.