மாத்திரையை நிறுத்திய பின் வரும் மாதவிடாய்

கருத்தடை மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் எனக்கு வந்த உதிரப்போக்கு உண்மையான மாதவிடாய் அல்ல. மாத்திரையிலிருந்து கிடைத்த ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உட்சவ்வு உதிர்ந்ததே அது. பிட்யூட்டரி சுரப்பி மறுபடியும் சினைப்பையைத் தூண்டி, கருமுட்டை வெளியாகி, ஏறத்தாழ 2 வாரம் கழிந்த பிறகே இயல்பான மாதவிடாய் வருகிறது என்பதால், அதைப் பார்க்காமலேயே கருத்தரிக்கவும் கூடும். ‘இன்னும் தலைக்கே குளிக்கவில்லையே’ என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் சில சுழற்சிகள் எனக்கு முன்னும் பின்னுமாகவே வந்தன, முகப்பருவும் திரும்பியது. முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, விரலிடையே நூலாய் இழுபடும் வெள்ளைப்படுதலைக் கண்ட பிறகே முட்டை வெளியாகும் நாள் நெருங்குவதை ஊகிக்க முடிந்தது. 3 மாதமாகியும் மாதவிடாய் வராவிட்டால், கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது; சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு போன்ற கோளாறுகளை மாத்திரையின் ஒழுங்கான உதிரப்போக்கு அதுவரை மறைத்திருக்கக்கூடும்.