கொஞ்சமும் கொஞ்சந்தானும்

"ஃபியூவுக்கும் கொஞ்சம், எ ஃபியூவுக்கும் கொஞ்சம், அப்பறம் எதுக்கு மாமா தப்புன்னு சுழிச்சாங்க?" இங்கிலீஷ் நோட்ட நீட்டிட்டு நிக்கிறா அக்கா மக.

பாம்பன்ல வீட்டு வாசல்ல உக்காந்து நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன், ஏறல.

அப்பதான் மச்சான் கடலுக்குப் போயிட்டு வந்தாரு. ஏவாரி போன்ல கேக்குறாரு பாடு எப்படின்னு. "மீனு கொஞ்சந்தான் கெடக்குண்ணே."

போன வச்ச கையோட பக்கத்து வீட்டு ஆத்தா, கொழம்புக்கு ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுச்சு. "கொஞ்சம் இருக்கு ஆத்தா, சட்டிய கொண்டா."

அதே வலை, அதே மீனு!

பாத்தியா பாப்பா, உங்கப்பா ஏவாரிகிட்ட சொன்னது ஃபியூ, ஆத்தாகிட்ட சொன்னது எ ஃபியூ. இங்கிலீஷ்காரன் முன்னாடி ஒரு எ-ய எடுத்துட்டு கைய விரிக்கிறான், நாம பின்னாடி ஒரு தான்-ஐ ஒட்டிட்டு கைய விரிக்கிறோம். லிட்டில், எ லிட்டிலும் இதே கததான், ஆனா அது தண்ணி, உப்பு மாதிரி எண்ண முடியாததுக்கு.

மெனி, மச் பத்தி சொல்லவே வேணாம், பெட்டி எத்தனைன்னு கேக்குற எவனும் ஐஸ் எத்தனைன்னு கேக்க மாட்டான், எவ்வளவுன்னுதான் கேப்பான்.

கடைசியா ஒண்ணு கேட்டா பாருங்க.

"அப்ப அப்பா யார்கிட்ட மாமா பொய் சொன்னாரு?"

மச்சான் குளிக்கப் போயிட்டாரு.