வால் இன்னும் ஆடல

3 ஜூன், செவ்வாய். ராத்திரி 11.40

வெளில பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்து போன்ல டைப் பண்றேன். என் டாக்ஸண்ட் நாய் புட்டுவ உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க.

டாக்டர் பின்னங்கால் விரலை இடுக்கி மாதிரி ஒண்ணு வச்சு அழுத்தினாங்க, கால் படக்குன்னு மடங்குச்சு, நான் "பாருங்க பாருங்க இழுக்கிறான்"னு கத்திட்டேன். அந்தம்மா பொறுமையா சொன்னாங்க, கால் இழுக்கிறது கணக்குல வராது, அது தண்டுவடம் தானா செய்யுற வேலை, வலி மூளை வரைக்கும் போகுதான்னுதான் பாக்கணும், அதுக்குத் தலை திரும்பணும். இன்னும் இறுக்கி அழுத்தினாங்க. புட்டு மெதுவா தலையத் திருப்பி அவங்க கையப் பாத்தான். கடிக்கல. பாத்தான், அவ்ளோதான். "குட்"னாங்க. அந்த ஒரு பார்வைய நம்பித்தான் இப்ப ஆபரேஷன்.

பன்னிரண்டாயிரம் வெள்ளி, கூடவும் ஆகலாமாம். கையெழுத்துப் போட்டேன்.

மகன் கார்த்திக்கு சொல்லல. தேசிய சேவைல, ராணுவ ஃபீல்ட் கேம்ப்ல இருக்கான், போன் கையில இருக்காது. இருந்திருந்தா சொல்லியிருப்பேனா?

சோபாவுலேர்ந்து குதிச்சான். நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

4 ஜூன். விடியக்காலை

3.10க்கு போன் வந்துச்சு. முடிஞ்சுது, முழிச்சுட்டான். வால் ஆடல.

4 ஜூன். ராத்திரி

தூக்கம் வரல, படிச்சுட்டே இருக்கேன். ஆறு வருசமா வீட்டுல வச்சிருக்கேன், இவன் யாருன்னு இப்பதான் படிக்கிறேன்.

டாக்ஸண்ட்ங்கிற பேருல டாக்ஸ்னா ஜெர்மன்ல பேட்ஜர், பொந்து தோண்டி வாழுற ஒரு மிருகம், ஹுண்ட்னா நாய். ஆனா ஜெர்மன்காரங்க வீட்டுல டாக்கல்னு கூப்பிடுவாங்களாம், வேட்டைக்காரங்க டெக்கல்னு. 1888லயே இவனுக்குன்னு அங்க தனி சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. உடம்புல ஒரு எடம் சும்மா இல்ல. பொந்துக்குள்ள நுழையக் குட்டைக் கால். முன்னங்கால் பாதம் மட்டும் பெருசு, மண்ணு தோண்ட. தோல் லூசா இருக்கும், இடுக்குல மாட்டினா கிழியக்கூடாதுன்னு. நெஞ்சு மட்டும் பெரிய நாய்க்கு இருக்கிற மாதிரி, உள்ள காத்து கம்மியில்லயா, மூச்சு வேணும். அப்புறம் அந்தக் குரல். ஏழாவது மாடில லிஃப்ட் கதவு தொறந்தாலே குலைப்பானே, எத்தன தடவ "வாய மூடு"ன்னு செருப்பைத் தூக்கியிருக்கேன், அது மண்ணுக்கு அடில இருந்து மேல நிக்கிற மனுசனுக்குக் கேக்கணும்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்த குரல். நாய் எந்த எடத்துல இருக்குன்னு அந்தச் சத்தத்த வச்சுதான் மேலேர்ந்து தோண்டுவாங்களாம்.

நான் அதை வாய மூடுன்னு சொல்லியிருக்கேன்.

இன்னொண்ணும் படிச்சேன், படிக்காம இருந்திருக்கலாம். எஃப்ஜிஎஃப்4னு ஒரு ஜீன், அதோட நகல் ஒண்ணு வேற எடத்துல போய் ஒட்டிக்கிட்டதாலதான் இந்தக் குட்டைக் காலு, 2009ல கண்டுபிடிச்சிருக்காங்க. 2017ல இன்னொரு நகல் கெடச்சிருக்கு, 12ஆவது குரோமோசோம்ல. அது முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கை சின்ன வயசுலயே கெட்டியாக்கி சுண்ணாம்பா ஆக்கிடுதாம். மெத்து மெத்துன்னு இருக்க வேண்டியது சுண்ணாம்பு. ஒருநாள் பிதுங்கிட்டு நரம்புல போய் இடிக்கும். நாலஞ்சு டாக்ஸண்ட்ல ஒண்ணுக்கு வாழ்நாள்ல இது வருதாம்.

அப்போ சோபா காரணம் இல்லையா? சோபாவும்தான்.

5 ஜூன், வியாழன்

அப்பா காலைல எழுந்ததும் "கன்னி எங்க தாயி?"ன்னாரு. புட்டுவைத்தான் கேக்குறாரு. போன வருசத்துலேர்ந்தே அவருக்கு அவன் கன்னிதான், நம்ம ஊரு வேட்டை நாய். கறுப்பு உடம்பு, கால்லயும் மோவாய்லயும் பழுப்பு, கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு, கோவில்பட்டிப் பக்கம் அவர் சின்னப் பிள்ளையா இருக்கும்போது வீட்டுல இருந்த கன்னி நாய் மயிலுவும் அச்சா இதே கலருதானாம். உயரம் மட்டும்தான் வித்தியாசம். அதுக்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சிருக்காரு. ஒருநாள் புட்டுவ மடியில வச்சுத் தடவிட்டே, "எந்தப் பாவி உங் கால வெட்டினான்?"னு கேட்டாரு. அன்னிக்கு நானும் கார்த்தியும் சிரிச்சோம், வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

இன்னிக்கு அதே கேள்விய நெனச்சா சிரிப்பு வரல.

மயிலு கதை முழுசா சொன்னாரு, நூறாவது தடவ, ஆனா இந்தக் கதையில மட்டும் ஒரு வார்த்தை தப்பாது அவருக்கு. சித்தி கல்யாணத்துக்குச் சீரோட சீரா வந்த குட்டி. பொண்ணு கூட அனுப்புறதாலதான் கன்னின்னு பேரே வந்துச்சுன்னு ஊருல சொல்லுவாங்களாம். முயலைப் பாத்துட்டா மயிலு தரையில ஓடாதாம், "தரை அதுக்குக் கீழ ஓடும்". நாலு எலும்பு வெளிய தெரியுற மாதிரிதான் இருக்கும், அதப் பாத்துட்டு சோறு போடலையான்னு கேக்குறவன் நாய் தெரியாதவன். கம்மங்கூழுதான் சாப்பாடு. வீட்டு ஆளத் தவிர யாரு தொட்டாலும் ஒதுங்கிப் போயிடும், கடிக்காது, அவமானப்பட்ட மாதிரி ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுமாம்.

சிப்பிப்பாறை நாயும் கன்னியும் ஒண்ணா வேறயான்னு கேட்டா போதும், ரெண்டு மணி நேரம் பேசுவாரு. 2005ல இந்தியாவுல நாலு நாட்டு நாய்க்கு ஸ்டாம்ப் விட்டாங்க, ராஜபாளையம், முதோல், ராம்பூர், அப்புறம் இமயமலை மேய்ப்பு நாய். ஊர்லேர்ந்து வந்த கவர்ல ராஜபாளையம் ஸ்டாம்ப் ஒட்டியிருந்துச்சு, சந்தோஷமா வெட்டி வச்சுக்கிட்டாரு, கூடவே "கன்னி இல்லையே"ன்னு ஒரு வாரம் மூஞ்சத் தூக்கிட்டு இருந்தாரு. இங்க சிங்கப்பூர் எச்டிபில, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, கன்னி வளக்க முடியாதுன்னு அவருக்குப் புரிய வைக்கவே முடியல. வளக்க விடுற லிஸ்ட்ல சின்ன நாய்ங்கதான், வீட்டுக்கு ஒண்ணுதான். இத்தாலியன் கிரேஹவுண்ட் இருக்கு, அதுவும் ஓட்டக்காரன்தான், குட்டி சைஸ். நம்ம ஆளுக்கு லிஸ்ட்ல எடமில்ல.

ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போன். அதே பதில்.

6 ஜூன், வெள்ளி

தம்பி: "அக்கா, அந்தக் காசுக்கு அப்பாவ ஊருக்கே கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்." போனை வச்சுட்டேன். அவன் சொன்னது தப்புமில்ல, அதான் கோவம்.

7 ஜூன், சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

வீட்டுக்கு வந்துட்டான். முதுகுல பாதி நீளத்துக்குத் தையல், மயிரு மழிச்ச எடத்துல தோல் கோழித்தோல் மாதிரி. சோபாவத் திருப்பி சுவத்தப் பாத்து நிக்க வச்சுட்டேன். ஹால் நடுவுல கூண்டு. ஆறு வாரம், குதிக்கக் கூடாது, படி கூடாது, வெளிய தூக்கும்போது இடுப்புக்கு அடில துண்டு போட்டுத் தாங்கணும்.

எதிர்வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, ரெண்டாங்கும் லொந்தோங்கும் சமைச்சுக் கொண்டு வந்தாங்க. நாயத் தொட மாட்டாங்க, ஆனா வாசல்லயே நின்னு கூண்டை எட்டி எட்டிப் பாத்தாங்க. "கெசியான் டியா"ன்னாங்க, பாவம் அவன்னு. எத்தன வருசமா இவன் குலைப்புக்கு அவங்கதான் மொத பலி. இன்னிக்கு "ஏன் சத்தத்தையே காணோம்"னு கேக்குறாங்க.

8 ஜூன், ஞாயிறு

மூத்திரம் நாமதான் எடுத்து விடணும், அவனுக்குத் தானா வராது. நர்ஸ் ரெண்டு தடவ காட்டிக் குடுத்தாங்க. சுலபமாத்தான் தெரிஞ்சுது. வீட்டுல வந்து பாத்ரூம் தரைல உக்காந்து அரை மணி நேரம் எது குடல் எது பைன்னு தெரியாம தடவிட்டு இருந்தேன். ஒரு கை வயித்துக்கு அந்தப் பக்கம், ஒரு கை இந்தப் பக்கம், பின்னங்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி, தண்ணி ரொப்பின பலூன் மாதிரி ஒண்ணு கைல வழுக்கும், அதப் புடிச்சு மெதுவா, விடாம, வால் பக்கமா அழுத்தணும். குத்தக்கூடாது. நான் அழுத்துறேன், அவன் வயித்த இறுக்குறான், நான் விடுறேன், அவன் விடுறான். கடைசில சூடா கைமேல ஊத்துச்சு. நான் அழுதுட்டேன். இதுக்கெல்லாம் அழுவேன்னு யாராவது போன மாசம் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

ஒரு நாளைக்கு நாலு தடவ. அடுத்தது ராத்திரி 11.

அவன் மூஞ்சத் திருப்பிக்கிறான். மயிலு பார்வை மாதிரி இருக்குமோ.

9 ஜூன்

மணி 4.20. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல சின்னம் ஒரு டாக்ஸண்ட், பேரு வால்டி. மாரத்தான் ஓட்டப் பாதையவே அந்த நாய் வடிவத்துல போட்டிருக்காங்க. 42 கிலோமீட்டர் நாய். எனக்குக் கிச்சன்லேர்ந்து ஹால் வரைக்கும் போதும்.

10 ஜூன்

வால் இல்ல.

11 ஜூன், புதன்

கீழ வாய்ட் டெக்ல, அதான் பிளாக்குக்கு அடில இருக்கிற திறந்த எடத்துல, நாலாவது மாடி ஆண்ட்டி பிடிச்சுக்கிட்டாங்க. "ஜாதி நாய் ஜாதி நாய்னு காசக் குடுத்து சீக்க வாங்கியாந்துட்டீங்க, தெரு நாய் ஒண்ண எடுத்து வளத்திருந்தா புண்ணியம்." லிஃப்ட் வர்ற வரைக்கும் சிரிச்சுட்டு நின்னேன், உள்ள ஏறினதும் பதில் பதிலா வருது, எப்பவும் இப்படித்தான்.

ஜாதிங்கிற அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது, மனுசனுக்கு வச்ச அசிங்கத்த நாய்க்கும் வச்சிருக்கோம், ஆனா தமிழ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க நானும் அப்படித்தான் சொல்றேன். சரி. ஆண்ட்டி சொன்னதுல பாதி நெசம். தத்து எடுக்கிறவங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா இன்னொரு பாதி இருக்கு. பேட்ஜர் பொந்துக்குள்ள ஒருத்தன், ஆட்டுக்குக் காவலா ஒருத்தன், முயலுக்கு ஒருத்தன், பனியில வண்டி இழுக்க ஒருத்தன்னு மனுசன் எங்கெங்க பொழச்சானோ அங்கங்க அவன் பொழப்பு எப்படி இருந்துச்சுன்னு இந்த உடம்புங்கள்ல எழுதியிருக்கு. பேட்ஜர் வேட்டை பழைய மாதிரி இல்ல, மயிலு ஓடின காட்டுலயும் இப்ப முயல் வேட்டைக்குத் தடை, வேலை போன பிறகும் அந்த உடம்பு மட்டும் நம்ம கூடவே வருது. புட்டு என் துப்பட்டாவுக்குள்ள பொந்து தோண்டுறான், ஏழாவது மாடில. இத எப்படிக் கேவலம்னு சொல்றது?

ஆனா ஒழுங்கா செய்யணும். டென்மார்க், நார்வே, பின்லாந்துல குட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி டாக்ஸண்டுக்கு முதுகு எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பான டிஸ்க் எத்தனன்னு எண்ணுறாங்க, கம்மியா இருக்கிறத வச்சுத்தான் அடுத்த தலைமுறை. ரெண்டு வயசுக்கு மேல நாலு வயசுக்குள்ள எடுக்கணும். நாயோட அப்பன் ஆத்தாளுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களான்னு நான் புட்டுவ வாங்கும்போது கேட்டேனா? கார்த்தி பிஎஸ்எல்இ, ஆறாம் வகுப்புப் பரீட்சை, முடிச்சிருந்தான், கண்ணுக்கு மேல பொட்டு வச்ச குட்டிதான் வேணும்னான், நான் கலரு கேட்டேன், விலை கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

இத ஆண்ட்டிகிட்ட சொல்ல மாட்டேன்.

13 ஜூன், வெள்ளி

அப்பா கூண்டுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரல. "காவலுக்கு இருக்கேன்." நாய்க்கு மனுசன் காவல்.

எனக்கு எடத்தனூர் நடுகல் ஞாபகம் வந்துச்சு. திருவண்ணாமலைப் பக்கம், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல்லு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு நட்டது, அவன் கூடவே அவன் நாயும் கல்லுல நிக்குது. நாய்க்குப் பேரு கோவிவன். கள்ளனக் கடிச்சுக் காத்திருந்ததுன்னு எழுத்துல வெட்டியிருக்காங்க. என்ன ஜாதின்னு போடல. பேரு போட்டிருக்கு.

அப்பாகிட்ட சொன்னேன். "காதைப் பாரு, காது மடிஞ்சிருக்கா நிமிந்திருக்கா, அதுல தெரிஞ்சுடும்"ன்னாரு. படத்த எவ்வளவு பெருசு பண்ணியும் காது சரியாத் தெரியல. ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தோம் ரெண்டு பேரும்.

14 ஜூன், சனி

கார்த்தி புக் அவுட், கேம்ப்லேர்ந்து லீவுல வந்துட்டான். மூஞ்சில உருமறைப்புச் சாயம் காது மடல்ல இன்னும் போகல. கதவத் தொறந்தவன் கூண்டப் பாத்தான், திருப்பி வச்ச சோபாவப் பாத்தான், என்னப் பாத்தான். "எப்ப மா?"

"மூணாந் தேதி."

ஒண்ணும் பேசல. பையக் கூட எறக்காம தரைல படுத்து, கூண்டுக் கம்பிக்குள்ள நாலு விரல விட்டான். புட்டு நக்கினான். குலைச்சான், ஆபரேஷனுக்கு அப்புறம் மொத தடவ, ஒரே ஒரு குலைப்பு, ஆனா அந்தக் குலைப்பு. எதிர்வீட்டுக் கதவு தொறக்கிற சத்தம் கேட்டுச்சு.

நான் வாலப் பாத்தேன். இல்ல.

ராத்திரி 11 மணி வேலைய அவன் செஞ்சான். ஒரே தடவைல புடிச்சுட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

15 ஜூன்

"நீ ஏன் எனக்கு சொல்லல"ன்னு இப்பதான் கேக்குறான். கேம்ப்புக்குத் திரும்ப பெர்ரிக்குப் போற நேரத்துல. பதில் சொல்றதுக்குள்ள லிஃப்ட் மூடிடுச்சு.

17 ஜூன், செவ்வாய்

காலைல பூத்துவாலையால தொடச்சு விடும்போது வால் நுனி அசைஞ்சுது. ரெண்டு தடவ. போன எடுத்துட்டு வர்றதுக்குள்ள நின்னுடுச்சு.

நான் தொட்டதால அசைஞ்சுதா, அவனா அசைச்சானா? தொட்டு அசைஞ்சா கணக்கில்ல. தொடாம, பேரச் சொல்லிக் கூப்பிட்டு அசையணும். கூப்பிட்டேன். புட்டு. புட்டுப்பையா. குழாப்புட்டு. பேரு கூப்பிட்டே தொண்டை கட்டிடுச்சு. தலையத் திருப்பி, என்ன வேணும் உனக்குன்னு பாக்குறான்.

அப்பா பின்னாலேர்ந்து "மயிலு"ன்னாரு.

நான் அப்ப அப்பா பக்கம் திரும்பிட்டேன். வாலப் பாக்கல. அப்பா அசைஞ்சுதுங்கிறாரு. அப்பா நேத்து மத்தியானம் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கான்னும் சொன்னாரு.

18 ஜூன்

இன்னிக்குப் பூரா யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடல. நானும் கூப்பிடல. பயமா இருக்கு.

19 ஜூன், வியாழன்

ஃபிசியோ 10.30. துண்டு ரெண்டு, பேட், வேக வச்ச கேரட், பழைய எக்ஸ்ரே. அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன், கூப்பிட ஆள் வேணும். அவருக்குக் காலுறை போடணும், ஒண்ணுதான் கெடச்சுது, இன்னொண்ணு கூண்டுக்குள்ள