அலுமினியப் படகின் பின்பலகையும் எட்டுக் குதிரைவலு இஞ்சினும்

இஞ்சினைப் படகில் மாட்டுவது அரை மணி நேர வேலைதான். தூக்கி வைத்து, இரண்டு கிளாம்ப் திருகாணிகளையும் இறுக்கினால் நிற்கும். அது உட்காரும் பின்பலகையை ஒழுங்காக்கத்தான் எனக்கு நாள் போனது. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று தை மாதமே கை வைத்தேன். மே மாதத்து மழையில் கொழும்பில் வெளியே வைத்து எதையும் ஒட்டவும் முடியாது, பூசவும் முடியாது.

படகு பன்னிரண்டு அடி நீளம், தட்டையான அடி, அலுமினியத் தகடு. நானும் என் மச்சானும் சேர்ந்து பழையதாக வாங்கியது. பிலியந்தலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காணியில், பொல்கொட வாவிக் கரையில் நிற்கிறது. இஞ்சின் நீர்கொழும்பில் கிடைத்த எட்டுக் குதிரைவலு டூ ஸ்ட்ரோக். முப்பது கிலோவுக்குள் இருப்பதால் ஒருவரே தூக்கலாம். வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு முறையும் லிஃப்டில் ஏற்றி இறக்க வேண்டுமே.

முதலில் உயரம். இஞ்சின்கள் ஷார்ட் ஷாஃப்ட் 15 அங்குலம், லோங் ஷாஃப்ட் 20 அங்குலம் என்று விற்கப்படுகின்றன. இந்த எண்ணைக் கேட்டு இஞ்சினை வாங்கலாம், துளை போடக் கூடாது. அது எந்த உயரப் பின்பலகைக்குப் பொருந்தும் என்பதைக் குறிக்கும் எண்தான், இஞ்சினின் சரியான நீளமல்ல. கிளாம்ப் பலகையில் உட்காரும் உள்விளிம்பிலிருந்து ப்ரொப்பெலருக்கு மேலே இருக்கும் அந்தத் தட்டையான தகடு வரை நாடா பிடித்து அளந்தால், என் 15 அங்குல இஞ்சின் 16¼ காட்டியது. அந்தத் தகட்டை எல்லோரும் காவிடேஷன் ப்ளேட் என்கிறார்கள். மேலேயிருந்து காற்று ப்ரொப்பெலருக்குள் இறங்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். உயர்ந்தால் ப்ரொப்பெலர் காற்றை இழுத்து, இஞ்சின் கத்தும், படகு நகராது. ரொம்ப இறங்கினால் தண்ணீரை வீணாகக் கிழித்துக்கொண்டு போகும், பின்பக்கம் சாரலடிக்கும்.

எங்கள் பின்பலகை 17¼ அங்குலம். இதைச் சாய்வோடு சேர்த்து அளக்கக் கூடாது. பலகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், எங்களுடையது ஏறக்குறைய 12 பாகை. படகின் அடியில் நேரான அலுமினியச் சட்டமொன்றைப் பின்னுக்கு நீட்டிப் பிடித்து, பலகையின் மேல்விளிம்பிலிருந்து அதுவரை செங்குத்தாக அளந்தேன். அப்படியே மாட்டினால் ப்ளேட் அடிமட்டத்துக்கு மேலே ஒரு அங்குலம் தொங்கும். ஆகவே நடுவில், இஞ்சின் உட்காரும் அகலத்துக்கு மட்டும், ஒன்றேகால் அங்குலம் இறக்க முடிவு செய்தோம். முழு அகலத்துக்கும் இறக்கினால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும். பொல்கொடவில் பெரிய அலை இல்லைதான். ஆனால் சனி, ஞாயிறுகளில் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே.

எப்படியும் உள்ளே இருந்த மரத்தை மாற்றியாக வேண்டியிருந்ததால் இறக்குவது தனி வேலையாகவில்லை. இந்தப் படகின் பின்பலகையில் வெளியே தகடு, உள்ளே ப்ளைவூட், மேலே மூடி மாதிரி ஒரு அலுமினிய வார்ப்பட்டை. பட்டையின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்தபோதே தண்ணீர் வடிந்தது. மரம் பிடி பிடியாகக் கையோடு வந்தது. முன்பு வைத்திருந்தவர் பித்தளை போல்ட், இரும்பு போல்ட், கிடைத்த எல்லாவற்றையும் பாவித்திருந்தார். பித்தளை போல்ட் இருந்த இடங்களில் தகடு வெள்ளைத் தூளாகப் பூத்துத் துளை பெரிதாகிவிட்டிருந்தது.

இந்த வெள்ளைத் தூள்தான் முழு வேலையையும் தீர்மானித்தது என்று சொல்லலாம். அலுமினியமும் வேறொரு உலோகமும் ஒன்றையொன்று தொட்டு, இரண்டையும் உப்புத் தண்ணீர் நனைத்தால் அது ஒரு சின்ன பற்றரி. அதில் கரைந்து போவது பெரும்பாலும் அலுமினியம். செம்பும், செம்பு கலந்த பித்தளையும் மிக மோசம். ஸ்டெயின்லெஸும் அலுமினியத்தை அரிக்கும், கொஞ்சம் மெதுவாக. பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்வதால் தண்ணீரில் எப்போதும் கொஞ்சமாவது உப்பு இருக்கும். படகு மழைத் தண்ணீரில் மட்டும் ஓடினால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு இஞ்சின் திருத்தும் அண்ணன் ஒருவரிடம்தான் இஞ்சினைக் காட்டினேன். பட்டறை முழுக்க மண்ணெண்ணெய் இஞ்சின்கள், பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவிய கதை அங்கே இன்னும் நேற்று நடந்ததுபோலத்தான் பேசப்படுகிறது. இஞ்சினைப் பார்த்துத் தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றச் சொன்னார், மாற்றினோம். பின்பலகை பற்றிக் கேட்டேன்.

"எங்கட போட் எல்லாம் ஃபைபர் தம்பி. துளை போட்டு, பசை வச்சு, இறுக்கினா முடிஞ்சுது. உங்கட தகட்டுக்கு அப்பிடிச் செய்யேலாது. போல்ட் தகட்டில படக் கூடாது. அதை மட்டும் பாருங்கோ."

அதையே பிடித்துக்கொண்டேன். எந்த உலோகமும் தகட்டை நேரே தொடக் கூடாது.

மரத்துக்கு மொறட்டுவையில் அலைந்தோம். மொறட்டுவைத் தச்சர்களிடம் போய் ப்ளைவூட் கேட்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். தச்சு பாஸ் ஒருவர் பலா மரத்தைக் காட்டினார், பிறகு தேக்கைக் காட்டினார். இரண்டும் அருமையான மரம், கைவேலையும் அருமை. ஆனால் அகலமான ஒரே பலகை நனைந்து காய்ந்து விரிந்து சுருங்கும். அதை அலுமினியத் தகட்டோடு போல்ட்டால் கட்டிப்போட்டால் எங்காவது பிளக்கும். ப்ளைவூட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. கடைசியில் பிஎஸ் 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரையிட்ட மரீன் ப்ளைவூட், 18 மில்லிமீற்றர், இரண்டு துண்டு. சேர்த்து ஒட்டினால் 36 மில்லிமீற்றர், கிளாம்ப் பிடிக்கத் தாராளமாகப் போதும். கறையானுக்கும் உளுத்தலுக்கும் எதிராக மருந்தேற்றிய மரம் மலிவாகக் கிடைக்கிறது. அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும் என்பதால் அலுமினியத்தின் பக்கத்திலேயே அதை விடக் கூடாது. அடிப்பக்கம் பாசி பிடிக்காமல் பூசும் செம்புப் பெயின்டுக்கும் இதே கதைதான்.

மரத்தை ஒட்டவும் பூசவும் எபொக்சி, இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பிசின். அந்த வேலை கொழும்புச் சூட்டில் தனி அனுபவம். முப்பது பாகைக்கு மேல் வெயில் அடிக்கும்போது பெரிய கோப்பையில் கலந்தால், பூசி முடிக்குமுன் கோப்பையே புகை விடும். சின்னச் சின்னதாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் பரப்பி, காலையிலேயே பூசி முடித்தோம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காய்ந்த பிறகு மேலே மெழுகு தடவிய மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதன் மேலேயே அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாது. தண்ணீரால் கழுவி, ஈரத் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்தது. வெட்டிய விளிம்புகள்தான் தண்ணீரைக் குடிக்கும் வாய்கள், அங்கே கூடுதலாகப் பூசினோம். அடிவிளிம்பைத் தகட்டோடு முட்டவிடாமல் ஒரு விரற்கடை தூக்கி வைத்தோம், உள்ளே போகும் தண்ணீர் வடிய வழி வேண்டும்.

துளைகள். நேராக மரத்தில் துளைத்து போல்ட் போட்டால், பூசிய எபொக்சிக்கு அர்த்தமில்லை, தண்ணீர் துளை வழியே மரத்துக்குள் இறங்கிவிடும். அதனால் மரத்தில் 16 மில்லிமீற்றர் துளை போட்டு, கெட்டியாகக் கலந்த எபொக்சியால் அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் 10½ துளை. போல்ட் 8 மில்லிமீற்றர். நடுவே உறையாக 10 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 8 மில்லிமீற்றர் உள்விட்டமும் உள்ள நைலோன் குழாய். கம்ப்ரெஸர் காற்றுக்குப் பாவிக்கும் குழாய்தான், அரை மீற்றர் வாங்கினால் படகுக்கே போதும். பஞ்சிகாவத்தையில் கிடைத்தது.

போல்ட்டைப் பழைய சோனகத் தெருவில் எடுத்தேன். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் தருவார்கள், காந்தம் வைத்துக் காட்டவும் செய்வார்கள். காந்தம் ஒட்டாததை வைத்து 304ஆ 316ஆ என்று சொல்ல முடியாது, இரண்டிலும் அநேகமாக ஒட்டாது. தலையைப் பார்க்க வேண்டும். ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. உப்புத் தண்ணீருக்கு ஏ4. ஒன்றுமே அச்சிடாத போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஸ்டெயின்லெஸ் நட்டை எண்ணெய் போடாமல் வேகமாக இறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி கிரீஸ், நிதானமான கை, அவ்வளவுதான்.

அதே தெருவில் பசை கேட்டால் முதலில் கையில் வருவது குளியலறைச் சிலிக்கன். திறந்தால் வினாகிரி வாசம் வரும் வகை அலுமினியத்துக்கு ஆகாது, அந்த அமிலமே தகட்டை அரிக்கும். நாங்கள் பாவித்தது சிகாஃப்ளெக்ஸ் 291, படகுகளுக்கென்றே வரும் பொலியூரித்தேன் பசை. கருவிப்பெட்டி அளவுக்கு விலை, இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். அது காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும் என்பதால் கொழும்புக்கு ஏற்ற பசை. எபொக்சியோடு மல்லுக்கட்ட வைத்த அதே ஈரம் இங்கே கைகொடுத்தது. துளைக்குள், வொஷருக்குக் கீழே, மேல்பட்டையின் உள்ளே எல்லா இடத்திலும் வைத்தோம். முதலில் அரைவாசி இறுக்கி, மறுநாள் பசை ரப்பரானதும் மீதியை இறுக்கினோம். முதல் நாளே முழுதாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மச்சான் ஒன்று கேட்டான், இவ்வளவு சின்ன இஞ்சினுக்கு இந்தப் பாடு தேவையா என்று. பாரத்தை மட்டும் பார்த்தால் தேவையில்லைதான். ஆனால் ப்ரொப்பெலர் தண்ணீருக்கடியில் முன்னே தள்ளுகிறது, பிடிமானமோ மேலே இருக்கிறது. ஆக, த்ரொட்டிலைத் திருகும் ஒவ்வொரு முறையும் கிளாம்பின் கீழ்ப்பகுதி பலகையை உள்ளே அழுத்தும், மேல்விளிம்பைப் பின்னால் இழுக்கும். உளுத்த மரத்தின்மேல் தகடு மட்டும் அந்த இழுப்பைத் தாங்கினால் மூலைகளில் வெடிப்பு விழும். பழைய பலகையின் இடது மூலையில் ஏற்கெனவே ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தது. அதை ஆர்கன் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்து, ஒரு முக்கோணத் தாங்கியும் வைத்து ஒட்டினோம்.

சரி, இஞ்சின். நடுக்கோட்டைக் கண்ணால் பார்த்து வைக்காமல், இரண்டு பக்க மூலைகளிலிருந்தும் அளந்து ஒட்டுநாடாவில் குறித்தோம். கிளாம்ப் திருகாணியின் வட்டமான பாதம் தகட்டையோ எபொக்சியையோ நேரே கடிக்காமல் இருக்க, மரக்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் துண்டு வெட்டி வைத்தேன். வீட்டில் பலகையைத் தேடினார்கள், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று. கிளாம்ப் பிடியின் கீழே இருக்கும் இரண்டு துளைகள் வழியாக ஊடுருவும் போல்ட், உள்ளே பெரிய அலுமினியத் தகடு வொஷராக. இவற்றுக்கு மேலதிகமாக ஒரு சங்கிலி. கிளாம்ப் அதிர்வில் தளரும் சுபாவமுள்ளது, முதல் ஓட்டத்துக்குப் பிறகு பார்த்தபோது ஒரு கால் சுற்று இறங்கியது.

வாவிக்குக் கொண்டு போகுமுன் வீட்டு வாகனத் தரிப்பிடத்தில் நீல பீப்பாயில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தேன். பம்பின் தண்ணீர் பின்னால் பென்சில் தடிப்பில் பீய்ச்சியது. 92 ஒக்டேன் பெற்றோலில் 50க்கு 1 என்று டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் புகைக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கும் மீன்பிடியில் ஆசை இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீரில் இறக்கியபோது ப்ளேட் கணக்குப் போட்டபடியே அடிமட்டத்துக்குக் கால் அங்குலம் கீழே இருந்தது. முதலில் முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. சாய்வைத் தீர்மானிக்கும் முளையை ஒரு துளை உள்ளே மாற்றி, பெற்றோல் தாங்கியையும் முன்னால் நகர்த்தியதும் படகு மட்டமானது. ஒருவர் மட்டும் இருந்தால் கைபேசி மணிக்கு 22 கிலோமீற்றர் வரை காட்டுகிறது. இரண்டு பேரும் தூண்டிலும் ஐஸ் பெட்டியும் ஏறினால் மேலெழ யோசிக்கிறது. ப்ரொப்பெலரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், ஒரு படி குறைந்ததைப் போட்டுப் பார்க்கலாம் என்று முகத்துவாரத்து அண்ணன் சொல்கிறார்.

ஒவ்வொரு முறையும் வந்ததும் நல்ல தண்ணீரில் இஞ்சினைக் கழுவுகிறோம். இஞ்சினில் இருந்த துத்தநாக அனோட், அதாவது இஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைந்து போகும் துண்டு, பாதி தேய்ந்திருந்தது. உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீருக்கு அலுமினிய அனோட் நல்லது என்பதால் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், உறையும் பசையும் இருந்தபடி இருக்கின்றன, வெள்ளைத் தூள் இல்லை. அடுத்து வலது மூலைத் தாங்கி, பிறகு அடித்தட்டில் கசியும் ரிவெட்டுகள். மழை விட்டதும் படகைக் கவிழ்க்க நாலு பேர் வேண்டும்.