159 சென்டிமீட்டர்

வாலிபால் என்றாலே நெட்டையானவர்கள் ஆட்டம்தான் என்று நானும் நினைத்திருந்தேன், யோஷியே தகேஷிதாவின் ஆட்டத்தைப் பார்க்கும்வரை. அவர் உயரம் 159 சென்டிமீட்டர். பெண்கள் ஆட்டத்தில் வலையே 224!

ஜப்பான் அணியின் செட்டராக இருந்தவர் அவர். பந்தைத் தூக்கிக் கொடுத்து, யார் அடிப்பது என்று நொடியில் முடிவு செய்கிற வேலை. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதி பெறாமல் போனபோது, பழி அவருடைய உயரத்தின் மேல் விழுந்தது. 2002இல் கிளப்பை விட்டு விலகி, ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். நல்லவேளை, ஜேடி மார்வலஸ் அணி கூப்பிட்டது.

அப்புறம் 2006 உலக சாம்பியன்ஷிப். ஜப்பானுக்கு ஆறாவது இடம்தான். ஆனால் தொடரின் மிகச் சிறந்த வீராங்கனை இவர்! (போட்டி நடந்ததும் ஜப்பானில்தான், சிலர் முணுமுணுத்திருப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.)

2012 லண்டன் ஒலிம்பிக்கில் தென்கொரியாவை 3-0 என வென்று வெண்கலம். 28 வருடத்துக்குப் பிறகு வந்த பதக்கம். எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: இடது ஆள்காட்டி விரல் எலும்பு முறிவோடு ஆடியிருக்கிறார். செட்டருக்கு விரல்தானே எல்லாம்? அந்த விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், அப்போது அவருக்கு வயது 34.