மாத்திரை என்றதும் மலரும் முகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஹெச்.ஐ.வி.யோடு லிம்போமாவும் (நிணநீர்ப் புற்றுநோய்) சேர்ந்து வருபவர்களில் பலர், அதற்குமுன் காசநோய் மருந்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள். கழுத்துக்கட்டி, இரவு வியர்வை, எடை இறக்கம் எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. கட்டியில் சதையெடுத்துப் பார்க்காவிட்டால் மாதங்கள் ஓடிவிடும்.

லிம்போமாவுக்கு ஊசி வழிச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் சாப் (CHOP) என்ற நான்கு மருந்துக் கூட்டுதான். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு சைக்ளோபாஸ்பமைடு 750 மி.கி., டாக்ஸோரூபிசின் 50, வின்கிரிஸ்டின் 1.4 (மொத்தம் 2 மி.கி.யைத் தாண்டாமல்), கூடவே ஐந்து நாள் பிரெட்னிசோன் மாத்திரை. 21 நாளுக்கு ஒரு சுற்று. ரத்தக்குழாயை விட்டு மருந்து கையில் கசிந்தால் தசை வெந்துவிடும். டாக்ஸோரூபிசின் கசிவுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூட்டு ஒத்தடம். பதற்றத்தில் மாற்றி வைத்துவிடுகிறார்கள். வின்கிரிஸ்டின் தவறி முதுகுத்தண்டில் ஏறினால் உயிர் போகும். சிரிஞ்சில் வைக்காமல் 50 மி.லி. சலைன் பையில் கலந்தால் அந்தத் தவறுக்கே இடமிருக்காது.

ரிட்டோனாவிர் கலந்த ஹெச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு வின்கிரிஸ்டின் உடம்பில் தங்கிப்போகும்: மலம் இறுகும், விரல் மரத்துப்போகும். காசநோய்க்கான ஐசோனியசிட் வேறு சாப்பிட்டால் மரப்பு இன்னும் கூடும். டோலுட்டெக்ராவிர் என்ற ஹெச்.ஐ.வி. மருந்தில் அந்தத் தொல்லை இல்லை. சிடோவுடின் என்ற இன்னொரு ஹெச்.ஐ.வி. மருந்து எலும்பு மஜ்ஜையை அடக்குவதால் அதை மாற்றிவிடுவது நல்லது.

கென்யாவிலும் உகாண்டாவிலும் இதே இரு நோயும் உள்ள 49 பேருக்கு ஊசியில்லாமல் வாய்வழிப் புற்றுநோய் மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு. சதுர மீட்டருக்கு லோமஸ்டின் 50 மி.கி. முதல் சுற்றின் முதல் நாள் மட்டும். எட்டோபோசைடு 100 மி.கி., முதல் மூன்று நாள். 22ஆம் நாளிலிருந்து 26 வரை சைக்ளோபாஸ்பமைடும் புரோகார்பசினும் தலா 50. ஆறு வாரச் சுற்று இரண்டு. 78 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் பாதிப் பேர் ஏறக்குறைய ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். சாப்புக்கு இணை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, எதிரே ஊசிக் குழு இருக்கவில்லை.

மாத்திரை என்றதும் வீட்டார் நிம்மதியாகிறார்கள். பயமே அங்கேதான். லோமஸ்டினின் அடி நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் விழும். இரண்டாம் வார ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் அதை நம்பக் கூடாது. "நல்லாத்தானே கேக்குது" என்று இன்னொரு லோமஸ்டின் காப்சூலை விழுங்கினால் வெள்ளணுவும் தட்டணுவும் பாதாளத்துக்குப் போகும். எட்டோபோசைடை வாந்தியெடுத்தால் எவ்வளவு ஏறியது என்று கணக்கில்லை. புரோகார்பசின் நாட்களில் மது ஆகாது. மார்மைட் (ரொட்டியில் தடவும் ஈஸ்ட் விழுது), பில்டாங் (உலர்த்திய இறைச்சி), பழைய சீஸ் எதுவும் ஆகாது, ரத்த அழுத்தம் எகிறிவிடும். மார்மைட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுச் சூட்டை மறைக்கக் கூடாது. மாத்திரை உறைகளில் "22ஆம் நாள்" என்று எழுதாமல் கிழமையும் தேதியும் எழுதுங்கள். லோமஸ்டினை மட்டும் எதிரிலேயே விழுங்கச் சொல்லி, காலி உறையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.