ஐந்து செங்கல்

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அறிவியல் தாளில் 'செங்கல்லின் பயன் யாது?' என்று இரண்டு மார்க் கேள்வி. 'கட்டடம் கட்டப் பயன்படுகிறது' என்று எழுதி இரண்டையும் வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின் பெஞ்சுக்காரன், புளியரைப் பக்கத்துச் சூளையில் கல் அறுப்பவரின் மகன், அரைப் பக்கம் எழுதியிருந்தான். சுடவைத்துத் துணியில் சுற்றி ஆச்சியின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கலாம். ஆரியங்காவு ஏற்றத்தில் நின்றுபோன லாரியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம். பொடித்துப் பித்தளை விளக்கலாம். மூன்று வைத்தால் அடுப்பு. ஆடுகிற பெஞ்சுக் காலுக்கு அடியில் செருகலாம். சைபர். 'கேட்டதற்கு மட்டும் விடை' என்று சிவப்பு மையில் குறிப்பு வேறு. ஐந்தாவது பயன் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது.

வாத்தியார் கொடியவர் அல்லர். காய்ச்சலில் விழுந்த பையனைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது படித்தவர். 1956 நவம்பர் 1இல் ஊரே மாநிலம் மாறியது, சாரின் விடைக்குறிப்பு மட்டும் மாறவில்லை என்பது எங்கள் கேலி.

மஸ்கட்டில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றில் அந்தச் செங்கல் மறுபடி என் முன் வந்தது. கில்ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளர், படைப்பாற்றலைத் தம் துறையினர் கண்டுகொள்ளவே இல்லை என்று 1950இல் குறைப்பட்டவர். ஒரு செங்கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டு, எத்தனை விடை, எத்தனை விதம் என்று பார்ப்பது அவர் வழி வந்த சோதனை. அதில் என் விடைக்கு ஒன்று தேறும். அவனுக்கு ஐந்து, ஐந்தும் ஐந்து விதம்!

கெட்ஸல்ஸ், ஜாக்சன் இருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வையும் அங்கேதான் படித்தேன். நுண்ணறிவு ஈவில், அதாவது ஐ.க்யூ.வில், முந்திய பிள்ளைகளும் படைப்பாற்றலில் முந்திய பிள்ளைகளும் பாடத்தில் சமமாகவே தேறினார்களாம். ஆசிரியர்களுக்குப் பிடித்தவர்களோ முதல் வகை. என் ஈவை யாரும் அளந்ததில்லை. ஆனால் வாத்தியாருக்கு என்னைப் பிடிக்கும்.

போன ஆனியில் ஊருக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். அப்பா கல் அறுத்த அதே பக்கத்தில் இப்போது சொந்தச் சூளை. கணவாய்க் காற்றில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பரீட்சைக் கதையைச் சொன்னேன். அவனுக்குச் சுத்தமாக நினைவில்லை.

"ஐந்துதான் எழுதினேனா மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே, பச்சைக்கல் அடுக்கின் மேல் படபடத்த தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான். "இதை விட்டுவிட்டேனே."